பல்லுலோகத் தாதுவின் கனிம அமைப்பை ஆராயும் முறை: பாறை முகப்பு முதல் கனிமக் கணக்கு வரை

செம்பு, காரீயம், துத்தநாகம் ஆகியவற்றோடு வெள்ளியோ தங்கமோ சேர்ந்து ஒரே பாறையில் கிடைக்கும் தாதுவைப் பல்லுலோகத் தாது என்கிறோம். இதை முதன்முறையாக ஆராய முனைபவர்கள் பெரும்பாலும் ஆய்வகத்திலிருந்து வரும் வேதிப் பகுப்பாய்வுத் தாளிலிருந்தே தொடங்குகிறார்கள். வழி தவறுவதும் அங்கேதான். அந்தத் தாள் உலோகங்களின் அளவைச் சொல்கிறது; பாறையில் இருப்பவையோ கனிமங்கள். ‘துத்தநாகம் 7 சதவீதம்’ என்ற ஒரே எண், எளிதில் பிரியும் பருமணி ஸ்பாலரைட்டை (துத்தநாக சல்பைடு) குறிக்கலாம். பைரைட்டோடு (இரும்புச் சல்பைடு) சில மைக்ரான் அளவில் பின்னிக்கிடந்து, எவ்வளவு அரைத்தாலும் பிரிய மறுக்கும் ஸ்பாலரைட்டையும் குறிக்கலாம். சல்பைடே இல்லாமல் கார்பனேட்டாக மாறிப்போன ஸ்மித்சோனைட்டையும் குறிக்கலாம்.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்ய வேண்டும். ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படியில் எதைத் தேடுவது என்பதைத் தீர்மானிக்கிறது.

தொடங்கும் முன் தேவைப்படுபவை

களத்துக்கு 10 மடங்கு கைலென்ஸ், எஃகுக் கத்தி, மெருகிடாத வெள்ளைப் பீங்கான் தட்டு, நூலில் கட்டிய சிறு காந்தம், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகியவை போதும். ஆய்வகத்தில் வைர அறுவைக் கருவி, எப்பாக்சி பிசின், மெருகேற்றும் கருவி, பிரதிபலிப்பு ஒளியிலும் ஊடுருவு ஒளியிலும் பார்க்கக்கூடிய முனைவாக்க நுண்ணோக்கி, நீரில் மூழ்கடித்து எடைபார்க்க உதவும் தராசு ஆகியவை வேண்டும்.

வேதிப் பகுப்பாய்வுக்கு அனுப்பும்போது செம்பு, காரீயம், துத்தநாகம், வெள்ளி ஆகிய நான்கை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். இரும்பு, மொத்தக் கந்தகம், சல்பேட் கந்தகம், பேரியம், ஆர்சனிக், ஆன்டிமனி ஆகியவையும் இல்லாவிட்டால் ஒன்பதாம் படியில் வரும் கணக்கைச் செய்யவே முடியாது. செலவைக் குறைப்பதாக எண்ணி இவற்றை விட்டவர்கள் பிறகு அதே மாதிரிகளை மறுபடி அனுப்ப நேர்கிறது.

காரீயமும் ஆர்சனிக்கும் உள்ள பாறையை உலர்நிலையில் அறுக்கக் கூடாது. நீர் பாய்ச்சியே அறுக்க வேண்டும், முகக்கவசம் கட்டாயம். அமிலச் சோதனைகளைக் காற்றோட்டமுள்ள இடத்தில் சொட்டு அளவில் மட்டுமே செய்ய வேண்டும்.

1. தாங்குபாறையை முதலில் அடையாளம் காணுங்கள்

தாதுவின் பளபளப்பு கண்ணை இழுக்கும். ஆயினும் முதலில் பார்க்க வேண்டியது அதைச் சுற்றியுள்ள பாறையை. எந்தக் கனிமங்களை எதிர்பார்க்கலாம் என்பதை அதுவே பெருமளவு சொல்லிவிடும்.

கடலடி எரிமலைப் பாறைகளில் உருவான திரள் சல்பைடுகளில் உலோகங்கள் வெப்பநிலைக்கேற்ப அடுக்காகப் பிரிந்திருக்கும். செம்பு ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில்தான் கரைசலில் கணிசமாகத் தங்குகிறது. ஆகவே சுடுகரைசல் மேலேறிவந்த குழாய்ப் பகுதியிலும் திரளின் அடியிலும் சால்கோபைரைட்டும் (செம்பு-இரும்புச் சல்பைடு) பைரைட்டும் படிகின்றன. கரைசல் ஆறிய பிறகு, மேற்பகுதியிலும் ஓரங்களிலும் ஸ்பாலரைட், கலீனா (காரீய சல்பைடு), பேரைட் (பேரியம் சல்பேட்) ஆகியவை படிகின்றன. ஜப்பானின் குரோகோ படிவுகளில் சுரங்கத்தார் கீழே உள்ளதை மஞ்சள் தாது என்றும் மேலே உள்ளதைக் கருந்தாது என்றும் நிறத்தாலேயே பிரித்து அழைத்தார்கள். குழாய்ப் பகுதியின் பாறை குளோரைட், செரிசைட் என்ற தகட்டுக் கனிமங்களாக மாறியிருக்கும்; இவ்வாறு உருவானவையே மாற்றக் கனிமங்கள்.

கரிமப்பொருள் மிகுந்த களிப்பாறைகளிலும் அவற்றின் உருமாறிய வடிவங்களிலும் கிடைப்பவை பொதுவாகத் துத்தநாகமும் காரீயமும் மிகுந்து, செம்பு குறைந்தவை. ராஜஸ்தானின் ராம்பூரா-ஆகுச்சா இவ்வகை. அங்கே தாங்குபாறையில் கிராஃபைட் இருக்கிறது. அரைத்த தாதுவில் வேண்டிய கனிமங்களை நுரையில் ஒட்டவைத்துப் பிரிக்கும் நுரை மிதப்பு முறையில் கிராஃபைட் தானாகவே மிதக்கும் இயல்புடையது என்பதால், அதைத் தொடக்கத்திலேயே குறித்துவைப்பது பின்னால் பெரிதும் உதவும்.

சுண்ணாம்புப் பாறைகளில் குறைந்த வெப்பநிலையில் உருவானவற்றில் ஸ்பாலரைட் பெரும்பாலும் இரும்பு குறைந்ததாக, வெளிறிய நிறத்தோடு இருக்கும்; வெள்ளியும் பொதுவாகக் குறைவு. கிரானைட்டும் சுண்ணாம்புப் பாறையும் தொடும் இடத்தில் கார்னெட், பைராக்சின் ஆகியவற்றோடு வருவது ஸ்கார்ன் வகை. குவார்ட்சும் கார்பனேட்டும் நிறைந்த நரம்புகளில் வெள்ளி தாங்கும் சல்ஃபோ உப்புகளை (உலோகத்தோடு ஆன்டிமனி அல்லது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமங்களை) எதிர்பார்க்கலாம்.

இங்கே அடிக்கடி நேரும் தவறு, உலோக விகிதத்தை மட்டும் வைத்து வகையைத் தீர்ப்பது. ஒரே திரளின் அடியும் முடியும் வெவ்வேறு விகிதம் காட்டும் என்பதை மேலே கண்டோம். பாறை, மாற்றக் கனிமங்கள், உலோக விகிதம் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால் மட்டுமே வகையைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ‘தீர்மானிக்கப்படவில்லை’ என்று எழுதிவைப்பதில் குறையொன்றும் இல்லை.

2. ஆக்சைடு வளையத்தையும் முதன்மைத் தாதுவையும் பிரியுங்கள்

நிலப்பரப்பை ஒட்டிய சல்பைடுகள் காற்றாலும் மழைநீராலும் சிதைந்து, கோதைட், ஹேமடைட், ஜாரோசைட் ஆகியவற்றாலான துருநிற மூடியாக, அதாவது கோசனாக, மாறியிருக்கும். இதன் கீழே செம்பு மிகுந்த ஒரு வளையம் இருக்கக்கூடும். அதற்கும் கீழேதான் மாறாத சல்பைடு.

சிதைவில் ஒவ்வோர் உலோகமும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது. துத்தநாக சல்பேட் நீரில் எளிதில் கரைந்து வெளியேறிவிடும். காரீயமோ எளிதில் கரையாத ஆங்கிலசைட்டாகவும் செருசைட்டாகவும் அதே இடத்தில் தங்கிவிடும். செம்பு கீழிறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தை ஒட்டிச் சால்கோசைட், கோவலைட் என்ற செம்புச் சல்பைடுகளாக மீண்டும் படியும். ஆகவே கோசனில் காரீயம் நிறைந்து துத்தநாகம் காணாமல் இருப்பதைப் பார்த்து ‘ஆழத்திலும் துத்தநாகம் இல்லை’ என்று எழுதுவது தவறான முடிவு.

மூன்று வளையங்களின் மாதிரிகளையும் ஒருபோதும் கலக்காதீர்கள். சால்கோசைட்டிலிருந்தும் கோவலைட்டிலிருந்தும் கரையும் செம்பு அயனிகள் ஸ்பாலரைட்டின் மேல் படிந்து நுரை மிதப்பில் அதையும் செம்போடு மிதக்கச் செய்கின்றன. சிறிதளவு கலப்புகூடப் பிரிப்புச் சோதனையின் முடிவைத் தலைகீழாக்கிவிடும்.

3. மாதிரி எடுத்தல்

தாதுவின் முழு அகலத்துக்கும் குறுக்காக எடுங்கள். இருபுறத்துத் தாங்குபாறையிலும் சில மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். அழகான துண்டைத் தேர்ந்தெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் பழக்கம் புதியவர்களிடம் பெரும்பாலும் காணப்படும். அந்தத் துண்டு நுண்ணோக்கிக்குப் பயன்படும். வேதிப் பகுப்பாய்வுக்குப் பயன்படாது. இரண்டுக்கும் தனித்தனி மாதிரி வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே இடைவெளியிலிருந்து வர வேண்டும்.

மாதிரியைப் பகுக்கும் முன் நொறுக்க வேண்டும். தேவைப்படும் மாதிரி எடை, மிகப்பெரிய துகளின் அளவின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது: துகள் அளவு இரட்டித்தால் எடை ஏறத்தாழ 8 மடங்கு வேண்டும். கலீனா எளிதில் பொடிந்து நுண்தூளாகப் போகும் கனிமம் என்பதால், நொறுக்கும்போது பறக்கும் தூசி வெறும் தூசியன்று. அதில் காரீயமும் வெள்ளியும் போகின்றன. மாதிரிப் பையைக் குலுக்கி மேலிருந்து ஒரு கரண்டி எடுப்பதும் தவறு: கனமானவை அடியில் தங்கிவிடும்.

ஒவ்வொரு மாதிரிக்கும் அடர்த்தியைக் கட்டாயம் அளந்து எழுதுங்கள். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 2 மீட்டர் திரள் சல்பைடில் 12 சதவீதத் துத்தநாகம், அடர்த்தி 4.2, அடுத்த 2 மீட்டர் பாறையில் 2 சதவீதம், அடர்த்தி 2.8. நீளத்தை மட்டும் கொண்டு சராசரி எடுத்தால் 7 சதவீதம் வரும். அடர்த்தியையும் சேர்த்தால் சரியான விடையான 8 சதவீதம் கிடைக்கும். முழுதாக ஒரு சதவீதம், ஒரு தராசைப் பயன்படுத்தாததால் தொலைந்துபோகிறது.

4. கைமாதிரியில் கனிமங்களை அறிதல்

நிறத்தை நம்பி அடையாளம் காணாதீர்கள். கீற்று நிறம் (பீங்கான் தட்டில் தேய்த்தால் விழும் தூளின் நிறம்), கடினத்தன்மை, காந்தம், எடை, அமிலம் என்ற வரிசையில் சோதியுங்கள்.

கலீனா சிக்கல் தராது: காரீய நிறம், கனசதுரமாகப் பிளக்கும் இயல்பு, 7.5 அளவிலான அடர்த்தி. தூக்கிப் பார்த்தாலே தெரியும்.

பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் கடந்துபோவது ஸ்பாலரைட். இரும்பு மிகுந்த வகை ஏறத்தாழக் கறுப்பாக, உலோக மிளிர்வு இல்லாமல், வெறும் பாறையைப் போலவே இருக்கும். பீங்கான் தட்டில் தேய்த்துப் பாருங்கள்: கறுத்த கனிமம் வெளிறிய மஞ்சள் அல்லது பழுப்புக் கீற்றை விட்டுச்சென்றால் ஐயம் வலுக்கிறது. அந்தத் தூளின் மேல் ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் அழுகிய முட்டை நாற்றம் எழுந்தால் ஐயம் தீர்ந்தது. நாற்றம் மெல்லியதாக வந்ததுமே விலகிக்கொள்ளுங்கள், அது நச்சுவாயு.

சால்கோபைரைட்டையும் பைரைட்டையும் பிரிக்கக் கத்தி போதும். முன்னதன் கடினத்தன்மை 3.5 முதல் 4 வரை; கத்தி கீறும். பின்னதன் கடினத்தன்மை 6 முதல் 6.5 வரை, கத்தி வழுக்கும். பைரோடைட் என்ற மற்றோர் இரும்புச் சல்பைடு வெண்கல நிறத்தில் இருந்து காந்தத்தை ஈர்க்கும். ஆனால் அதன் அறுகோண வகை மிக வலுவற்ற ஈர்ப்பையே காட்டும். எனவே காந்தம் ஒட்டவில்லை என்பது பைரோடைட் இல்லை என்பதற்குச் சான்றாகாது. வெள்ளி போன்ற வெண்ணிறமும் உறுதியும் உடைய ஆர்சனோபைரைட், சுத்தியால் அடிக்கும்போது பூண்டு மணத்தை வெளியிடும். அதை வேண்டுமென்றே முகர்ந்து சோதிக்க வேண்டியதில்லை.

வெண்ணிறத் தாதுக்கூளத்தை (தாதுவோடு வரும் பயனற்ற கனிமத்தை) குவார்ட்ஸ் என்று எழுதும் முன் கையில் எடுத்து எடை பாருங்கள். 4.5 அடர்த்தியுள்ள பேரைட் குவார்ட்சைப் போலத் தோன்றி ஏமாற்றும். அந்தப் பிழை ஒன்பதாம் படியின் கணக்கு முழுவதையும் கெடுத்துவிடும்.

5. மெருகு வெட்டு தயாரித்தல்

மாதிரியை எப்பாக்சியில் பதித்து, சிலிக்கான் கார்பைடு தாள்களில் படிப்படியாகத் தேய்த்து, பிறகு வைரப் பசையில் 1 மைக்ரான் வரை மெருகேற்ற வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் இடையில் நன்கு கழுவுங்கள். முந்தைய நிலையின் ஒரு பருந்துகள் எஞ்சினாலும் கலீனாவில் கீறல் விழும். அழுத்தி நீண்டநேரம் தேய்த்தால், கடினமான பைரைட் மேடாகவும் மென்மையான கலீனா பள்ளமாகவும் நின்று, எல்லைகள் தெளிவாகத் தெரியாமல் போகும்.

அரைத்த தூளைப் பதிக்கும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. பிசின் உறையும் முன்பே கலீனா அடியில் படிந்துவிடும். வட்டின் அடிப்பரப்பை மட்டும் மெருகேற்றிப் பார்த்தால் தாது முழுவதும் காரீயமாகத் தோன்றும். பதித்த வட்டைச் செங்குத்தாக அறுத்து, வெட்டப்பட்ட பக்கத்தை மெருகேற்றினால் மேலும் கீழும் உள்ள துகள்கள் எல்லாம் பார்வைக்கு வரும்.

மெருகேற்றிய வெட்டை அன்றே பாருங்கள். செம்புச் சல்பைடுகளின் பரப்பு நாளடைவில் மங்கி நிறம் மாறுகிறது.

6. நுண்ணோக்கியில் பார்த்தல்

குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்கி வெட்டு முழுவதையும் ஒருமுறை சுற்றிவாருங்கள். முதல் பார்வையிலேயே உயர் உருப்பெருக்கத்துக்குப் போகிறவர்கள், ஒரு மூலையில் கண்ட அரிய கனிமத்தை முழுத் தாதுவின் பண்பாக எழுதிவிடுகிறார்கள்.

பிரதிபலிப்பு ஒளியில் நிறம் என்பது அண்டைக் கனிமத்தைப் பொறுத்த தோற்றம். ஆகவே ஐயமற்ற ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். முக்கோணக் குழிகள் காட்டும் கலீனாவின் வெண்மை இதற்கு ஏற்றது. அதனோடு ஒப்பிட பைரைட் மஞ்சள் கலந்த வெண்மையாகவும், சால்கோபைரைட் தெளிந்த மஞ்சளாகவும் தெரியும். உண்மையான தங்கம் இவை எல்லாவற்றையும் விட ஒளிமிக்கது. அதன் பக்கத்தில் சால்கோபைரைட்டைப் பார்த்தால் பச்சை சாயல் அடிக்கும்.

சாம்பல் நிறக் கனிமங்களிலேயே பிழை அதிகம். ஸ்பாலரைட், மேக்னடைட் (இரும்பு ஆக்சைடு), டெட்ராஹெட்ரைட் (செம்பும் ஆன்டிமனியும் கொண்ட சல்ஃபோ உப்பு) மூன்றும் சாம்பல் நிறம். மூன்றின் பொருளாதார மதிப்போ முற்றிலும் வேறு. முனைவாக்கிகளைக் குறுக்கிட்டு வையுங்கள். மஞ்சள் முதல் செம்பழுப்பு வரையான உள்ளொளிர்வு (கனிமத்தின் உள்ளிருந்து திரும்பிவரும் ஒளி) தெரிந்தால் பெரும்பாலும் அது ஸ்பாலரைட். இரும்பு மிகுந்த ஸ்பாலரைட்டில் இந்த ஒளிர்வு மிகவும் மங்கிவிடும். அப்போது கடினத்தன்மையை ஒப்பிடுங்கள். மேக்னடைட் பக்கத்துச் சல்பைடுகளைவிட மேடாக நிற்கும். டெட்ராஹெட்ரைட் ஸ்பாலரைட்டைவிட வெளிறி, சற்றே பச்சை அல்லது பழுப்புச் சாயலோடு இருக்கும்.

அளவை எண்ணும்போது நினைவில் வைக்க வேண்டியது: நுண்ணோக்கியில் தெரிவது பரப்பு, அதாவது கன அளவின் பங்கு, பகுப்பாய்வுத் தாளில் உள்ளது எடையின் பங்கு. குவார்ட்சில் 5 சதவீதப் பரப்பில் கலீனா தெரிந்தால், எடையில் அது ஏறத்தாழ 13 சதவீதம். காரீயமாகக் கணக்கிட்டால் 11 சதவீதத்துக்கும் மேல். இந்த மாற்றத்தைச் செய்யாமல் இரண்டு எண்களையும் ஒப்பிட்டு ‘ஆய்வகம் தவறிவிட்டது’ என்று புகார் எழுதியவர்கள் உண்டு.

7. இழையமைப்பைப் படித்தல்

எந்தக் கனிமம் என்பதோடு, எது எதற்குள் எப்படி அடைபட்டிருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். ஸ்பாலரைட்டுக்குள் தூவியதுபோலச் சில மைக்ரான் அளவில் சால்கோபைரைட் புள்ளிகள் சிதறிக்கிடப்பதைப் பல தாதுக்களில் காணலாம். இதைத் துறையினர் ‘சால்கோபைரைட் நோய்’ என்றே அழைக்கிறார்கள். வழக்கமான அரைப்பில் இவை விடுபடுவதில்லை. அந்தச் செம்பு முழுவதும் துத்தநாகச் செறிவோடு, அதாவது பிரித்தெடுத்த துத்தநாகத் தூளோடு, போய்விடும். எனவே சால்கோபைரைட்டின் மொத்த அளவைச் சொல்வது போதாது. தனித்து நிற்பது எவ்வளவு, ஸ்பாலரைட்டுக்குள் புதைந்தது எவ்வளவு என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

உருவான வரிசையைத் தீர்மானிப்பதில் ஒரு பொறி உண்டு. பைரைட்டின் விரிசல்களைக் கலீனா நிரப்பியிருப்பதைப் பார்த்ததும் ‘கலீனா பிற்காலத்தது’ என்று எழுதத் தோன்றும். அழுத்தத்துக்கு உள்ளான தாதுவில் பைரைட் நொறுங்கும். கலீனாவும் சால்கோபைரைட்டும் இளகி ஒழுகும். முன்பே அருகில் இருந்த கலீனா பிற்பாடு விரிசலுக்குள் நகர்ந்திருக்கலாம். மணிகள் 120 பாகைக் கோணத்தில் மூன்று மூன்றாகச் சந்தித்தால், தாது வெப்பத்தில் மறுபடிகமானது என்று பொருள். அத்தகைய வெட்டிலிருந்து மூல வரிசையைச் சொல்ல முயல வேண்டாம். ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் போன்று வலிதாக உருமாறிய படிவுகள் பருமணிகளாக இருப்பதற்கும் இதுவே காரணம். பிரிப்புக்கு அது சாதகமானதும்கூட.

8. கருவிகள் தரும் எண்களைச் சரிபார்த்தல்

கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியில் காரீயத்தின் ஒரு முக்கியக் கோடும் ஆர்சனிக்கின் முக்கியக் கோடும் ஏறத்தாழ 10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. காரீயம் மிகுந்த தாதுவில் அக்கருவி காட்டும் ஆர்சனிக் அளவை ஆய்வகப் பகுப்பாய்வோடு ஒப்பிடாமல் ஏற்காதீர்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியின் நிறமாலையிலும் இதே தொல்லை: கந்தகமும் காரீயமும் 2.3 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியே கோடு காட்டுவதால், ஆங்கிலசைட்டா கலீனாவா என்பதை அந்த ஒரு சிகரத்தை வைத்துத் தீர்க்க முடியாது. ஆக்சிஜன் இருக்கிறதா என்று பாருங்கள்.

படிக அமைப்பைக் கொண்டு கனிமத்தை அறியும் எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் முறையில் 1 அல்லது 2 சதவீதத்துக்குக் குறைவான கனிமங்கள் பெரும்பாலும் தெரிவதில்லை. வெள்ளிக் கனிமங்கள் பெரும்பாலும் அந்த அளவுக்குக் கீழேயே இருக்கும்.

9. உலோகத்திலிருந்து கனிமத்துக்குக் கணக்கிடுதல்

நுண்ணோக்கி எந்தெந்தக் கனிமங்கள் உள்ளன என்று சொன்ன பிறகே இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும். செம்பு 1.2, காரீயம் 3.0, துத்தநாகம் 7.0, இரும்பு 13.0, சல்பைடு கந்தகம் 16.0 சதவீதம் உள்ள ஒரு தாதுவை எடுத்துக்கொள்வோம்.

சால்கோபைரைட்டில் செம்பு 34.6 சதவீதம், ஆகவே அதன் அளவு 3.5. கலீனாவில் காரீயம் 86.6 சதவீதம், அதன் அளவும் 3.5. ஸ்பாலரைட்டுக்குத் தூய நிலையின் 67 சதவீதத்தை எடுக்காதீர்கள். இரும்பு 6 சதவீதம் கலந்த ஸ்பாலரைட்டில் துத்தநாகம் 61 அளவில்தான் இருக்கும். அதன்படி ஸ்பாலரைட் 11.5. இந்த எண்ணைப் பல மணிகளில் நுண்பகுப்பாய்வு செய்து பெற வேண்டும்.

இம்மூன்றும் சேர்ந்து 5.5 சதவீதக் கந்தகத்தை எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் 10.5. பைரைட்டில் கந்தகம் 53.4 சதவீதம் என்பதால் பைரைட் 19.7. இதுவரை செலவான இரும்பு ஏறத்தாழ 11. எஞ்சும் 2 சதவீதம் குளோரைட், சிடரைட் போன்றவற்றில் இருக்க வேண்டும். வெட்டில் அவை தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் பைரோடைட்டை விட்டுவிட்டீர்களா என்று தேடுங்கள்.

இரும்பு எதிர்ம எண்ணாக வந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பேரைட்டில் உள்ள சல்பேட் கந்தகத்தையும் பைரைட்டின் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். பேரைட்டின் எடையில் 13.7 சதவீதம் கந்தகம்.

10. வெள்ளியைப் பின்தொடர்தல்

பகுப்பாய்வில் டன்னுக்கு 90 கிராம் வெள்ளி வந்தது என்று வைப்போம். அது எந்தக் கனிமத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே எந்தச் செறிவில் போய்ச்சேரும் என்பது அமையும்: கலீனாவில் இருந்தால் காரீயத்தோடும், டெட்ராஹெட்ரைட்டில் இருந்தால் பெரும்பாலும் செம்போடும் போகும். டெட்ராஹெட்ரைட்டோடு வரும் ஆன்டிமனியும் ஆர்சனிக்கும் செறிவின் விலையைக் குறைக்கும் தனிமங்கள் என்பதால் அதன் அளவைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

மேலே கண்ட தாதுவில் டன்னுக்கு ஏறத்தாழ 35 கிலோ கலீனா. அதில் மில்லியனுக்கு 1,000 பங்கு வெள்ளி கரைந்திருந்தால் 35 கிராம் கணக்கில் வந்துவிடும். டெட்ராஹெட்ரைட் 0.1 சதவீதமே, அதாவது டன்னுக்கு 1 கிலோவே, இருந்தாலும் அதில் 4 சதவீதம் வெள்ளி இருப்பின் 40 கிராம் கிடைக்கும். மிச்சம் 15 கிராம். வெட்டுகளை மீண்டும் எடுத்து, கலீனாவின் ஓரங்களிலும் விரிசல்களிலும் தனிவெள்ளியையோ ஆகாந்தைட் என்ற வெள்ளிச் சல்பைடையோ தேடுங்கள். அங்கும் இல்லாவிட்டால் பைரைட்டையும் சால்கோபைரைட்டையும் நுண்பகுப்பாய்வுக்கு அனுப்புங்கள். கண்டுபிடிக்கும்வரை அந்த 15 கிராமை ‘இடம் அறியப்படாதது’ என்ற தனி வரியிலேயே காட்டுங்கள், கலீனாவின் பங்கோடு சேர்த்துவிடாதீர்கள்.